சீட்டில் ஆள் இருந்தால்தான் ஓடும்

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது போன தை மாதம் பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கல்யாண லானில் நடந்தது. நடந்தது சக்திக்கு. இரும்புலியூரில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை வைத்திருப்பவன். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால், "எர்த் சரியா இருக்காது, போய் பாரு" என்று கிண்டல் செய்கிற ஆள். அப்படிப்பட்டவன் இப்போது அந்தப் பக்கம் வேலை வந்தால் வேறு கடையைக் கைகாட்டி விடுகிறான்.

லானின் சொந்தக்காரர் லோகநாதன். அவருடைய அப்பா அங்கே நெல் போட்டார், இவர் புல் வளர்க்கிறார். புல் வெட்டுவதற்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற சின்ன டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். வண்டிக்கு அடியில் பிளேடு சுற்றும், புல்லைக் கத்தரித்துக்கொண்டே போகும். முகூர்த்த மாதத்தில் பகலெல்லாம் விசேஷம் என்பதால் இருட்டின பிறகுதான் வெட்ட நேரம் கிடைக்கும். வண்டியிலோ லைட் கிடையாது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று மாட்டித் தரச்சொல்லி சக்தியைக் கூப்பிட்டார்.

சக்திக்கும் அதில் ஒரு அக்கறை இருந்தது. தங்கை ஷர்மிளாவின் புருஷன் தினகரன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஷர்மிளாவுக்கு ஏழாம் மாதம். லோகநாதனிடம் பேசி, திங்கட்கிழமை முதல் இந்த வண்டியை ஓட்டுகிற வேலையை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்ததே சக்திதான். அதனால் சனிக்கிழமை மதியம் அவனையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஒயரிங் வேலை சுலபம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு, நடுவில் ஒரு ரிலே வைத்தான். சாவியைத் திருப்பினால் ரிலே 'டக்' என்று இழுக்கும், லைட் எரியும். சாவியை எடுத்தால் அணைந்துவிடும். யாரும் மறந்துபோய் எரியவிட்டு பேட்டரியைக் காலி செய்ய முடியாது.

அந்த வண்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கும், எஞ்சின் ஓடும். ஆள் எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால், தவறி விழுந்தவன் மேலேயே வண்டி ஏறிவிடும். லோகநாதனுக்கு அது பெரிய தலைவலியாக இருந்தது.

"சக்தி, அந்த சீட் ஸ்விட்ச தூக்கிட்டு டைரக்ட் பண்ணிடேன்பா. ஒரு கல்லு பொறுக்க எறங்கினாக்கூட ஆஃப் ஆயிடுது."

"வேணாம் சார். கை கால் பூடும். எங்க மாப்ள ஓட்டப்போறாரு."

லோகநாதன் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார். சக்தி அந்த ஸ்விட்சைத் தொடவே இல்லை. சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான், எழுந்தான், நின்றது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தான். நின்றது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

லைட் மாட்டினால் மட்டும் போதாது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று இருட்டில் பார்த்துத்தான் திருப்பி வைக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு நன்றாக இருட்டிவிட்டது. ரோட்டில் ஹாரன் சத்தம் ஓயவில்லை. அன்று விசேஷம் எதுவும் இல்லாததால் லானுக்குள் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"மாப்ள, நீ ஏறி உக்காந்து ஸ்டார்ட்ல வெச்சிகினு இரு. நான் செவுத்தாண்ட போய் பாக்கறேன்."

காம்பவுண்டு சுவர் தூரத்தில் இருந்தது. சக்தி போய்ச் சேர்ந்து, வெளிச்சம் விழுந்த உயரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டான். திரும்பிப் பார்த்தால் கண் கூசியது. இரண்டு லைட்டுக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை.

"ரேஸ் கொஞ்சம் கொற!" என்று கத்தினான்.

எஞ்சின் சத்தம் குறைந்தது.

"இன்னும் கொஞ்சம்!"

இன்னும் குறைந்தது. சக்தி குனிந்து அடுத்த கோட்டைப் போட்டான். அப்போது பக்கத்தில் ஒரு குரல்.

"மச்சான்... டீ."

தினகரன் இரண்டு பேப்பர் கப்போடு நின்றுகொண்டிருந்தான்.

சக்தி அவனைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப எறங்குன?"

"நீ இந்தாண்ட நடந்தப்பவே எறங்கிட்டேன். வண்டி நிக்கல. சரி, நீ டைரக்ட் பண்ட்ட போலன்னு டீக்கடைக்கு போய்ட்டு வரேன்."

அப்படியானால் ரேஸைக் குறைத்தது யார்? சக்தி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் மாப்பிள்ளை பயந்துவிடுவான், வேலையும் வேண்டாம் என்பான் என்று நினைத்தான். டீயைப் புல்லில் ஊற்றிவிட்டு, வெளிச்சத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் சுற்றி வண்டியை நெருங்கினான்.

சீட் காலியாக இருந்தது.

ஆனால் அமுங்கியிருந்தது.

எட்டி நின்றே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி உருவினான். எஞ்சின் நின்றது. லைட் அணைந்தது. இருட்டில் ஒரு சத்தம்... க்ரீ... ச்...

ஸ்பிரிங் மெதுவாக மேலே வந்தது. ஆள் எழுந்தால் வருகிற மாதிரி.

'துரு பிடிச்ச ஸ்பிரிங். சிக்கிக்கினு இருந்திருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"போலாம் மாப்ள. மீதிய நாளைக்கு பகல்ல பாத்துக்கலாம்."

"இரு மச்சான். பிளேடுல பூமாலை நாரு சுத்திகினு கீது. மொதல் நாளே லோகநாதன் சாராண்ட திட்டு வாங்கணுமா? சாவி உன்கிட்டதானே கீது?"

"கீது. நீ வா..."

தினகரன் கேட்கவில்லை. செல்போன் டார்ச்சைப் புல்லில் வைத்துவிட்டு, குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டான்.

"ரொம்ப இறுக்கமா கீது மச்சான்..."

க்ரீ... ச்...

சக்தி நிமிர்ந்து பார்த்தான்.

சீட் இறங்கிக்கொண்டிருந்தது.

சாவி அவன் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

டக்.

ரிலே.

லைட் எரிந்தது.

சக்தி பாய்ந்தான். தினகரனின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தான். இருவரும் புல்லில் உருண்டார்கள். எஞ்சின் உறுமியது. பிளேடு சுற்றியது. பிளேடைச் சுற்றவிடுகிற லீவரை அன்று யாரும் தொடக்கூட இல்லை. நைந்த நாரும் அழுகின பூவும் அவர்கள் முகத்தில் வந்து அடித்தன.

பிறகு தானாகவே நின்றது.

க்ரீ... ச்...

தினகரனின் முழங்கை சிராய்த்திருந்தது. கை இருந்தது, ஐந்து விரலும் இருந்தன. சக்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அழுதான். ஆனால் தினகரன் குப்புறப் படுத்திருந்தவன். சீட்டை அவன் பார்க்கவில்லை. பயம் தெளிந்ததும் கோபம்தான் வந்தது.

"இன்னா ஒயரிங் பண்ற நீ? ஷார்ட் ஆயி என் கை போயிருக்கும்!"

சக்தி பார்த்ததை எல்லாம் சொன்னான். தினகரன் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை. "தப்பா ஒயர இஸ்த்து வெச்சிட்டு பேயி மேல பழி போடறியா? கொயந்த பொறக்கப்போற நேரம் மச்சான். நாளைக்கு நான் போவேன், ஓட்டுவேன்" என்று ஒரே பிடிவாதம். ஷர்மிளாவும் புருஷன் பக்கம்தான். உயிரோடு விளையாடாதே என்று எத்தனை தடவைதான் சொல்வது? சக்திக்கு வேறு வழி தெரியவில்லை. வண்டியை விற்ற கேளம்பாக்கத்து ஆளின் நம்பரை லோகநாதனிடம் வாங்கினான். ஏசுதாசன் என்று பெயர். மாப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, பெருங்களத்தூருக்கு குடுத்தீங்களே, புல்லு வெட்ற வண்டி... அதுல முன்னாடி யாருக்காச்சும் எதுனா ஆச்சா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை யாரோ அணைத்தார்கள்.

"ஒருத்தனுக்கு கை பூட்ச்சிப்பா" என்றார் ஏசுதாசன். "எறங்கி, ஆஃப் பண்ணிட்டுதான் பிளேடாண்ட கைய வுட்டான். ஆஸ்பத்திரில ரெண்டு நாள் இருந்தான். அப்புறம் செத்து பூட்டான்."

"சாவி?"

"அவன் சட்டப் பையிலதான் இருந்திச்சி."

தினகரனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. போன் பக்கம் குனிந்தான்.

"அவரு... எதுனா சொன்னாராண்ணா?"

"பாக்க வந்தவங்க எல்லாராண்டயும் ஒண்ணுதான் சொல்லிகினு இருந்தான் தம்பி. கை போனதே அவனுக்கு தெரியல. 'சீட்ல உக்காந்துகினு கீறவர கொஞ்சம் எறங்க சொல்லுங்க... நான் கைய எடுத்துக்கறேன்'னு."