கரகம் ஏறும்போது நின்ற பாட்டு

போன வருஷத் திருவிழாவில் கரகம் ஆற்றங்கரையிலிருந்து தொழிலாளர் லயங்களைச் சுற்றி வந்து கோயில் படியில் ஏறிய நேரம், பாட்டு நின்றுவிட்டது. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதைவிடப் பெரிய அபசகுனம் கிடையாது. கரகம் தூக்கியவர் அசையாமல் நின்றார். கூட்டம் முழுவதும் திரும்பி வினோதாவைப் பார்த்தது.

டவுனில் போட்டோகாப்பி கடையில் வேலை செய்யும் வினோதாதான் கோயிலுக்குப் பாட்டுப் போடுகிறவள். கடையில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். விண்டோஸ் போட்டால் அதற்கு மூச்சு வாங்கும் என்று லினக்ஸ் போட்டிருந்தாள். படியேறும்போது போடும் கரகப் பாட்டு தொடங்கியதும் பாட்டு மென்பொருள் பட்டென்று மூடிக்கொண்டது. அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த காரணம், பொம்பளை கை பட்டதாம்! விடிந்தால் கொழுந்து பறிக்க அதே பொம்பளை கைதான் வேண்டும். நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோயில் தலைவர் ஆண்டியப்பன் கோபப்படாமல்தான் சொன்னார். "அடுத்த வருஷமும் நின்னுச்சுன்னா அட்டன்ல இருந்து சவுண்டு செட்டு கொண்டாந்துருவோம். நீ சாமி கும்புட மட்டும் வா புள்ள."

"எதனால நிக்குதுன்னு பாக்காம விடமாட்டேன் பெரியப்பா" என்றாள் வினோதா.

பக்கத்து வீடு என்பதால் சொல்கிறேன், அதன்பிறகு எனக்குக் காது புளித்துவிட்டது. பாட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்து ஓடவிட்டாள். ஒரு பாதி ஒழுங்காக ஓடும், மறு பாதியில் மென்பொருள் மூடிக்கொண்டு விழும். விழுந்த பாதியை மறுபடி பிரிப்பாள். வேறு மென்பொருள் போட்டுப் பார்த்தாள், அதுவும் கரகப் பாட்டில்தான் விழுந்தது. "பேசாம விட்டுருடி" என்று அவள் அம்மாவே சொன்னாள். வினோதா காதில் வாங்கவில்லை.

கடைசியில் அகப்பட்டது. பாட்டுக்குள் இருந்த படம்! கரகப் பாட்டுகள் ஓடும்போது திரையில் அம்மன் முகம் தெரியவேண்டும் என்று, எங்கள் கோயில் அம்மனைப் போனில் படம் எடுத்து, சுருக்காமல் அப்படியே அந்தப் பாட்டுகளுக்குள் ஒட்டி வைத்திருந்தாள். அவ்வளவு பெரிய படத்தைத் திறக்க அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குச் சக்தியில்லை. பக்தியில் செய்தது அவளுக்கே வினையாகிவிட்டது. கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு படங்களை எடுத்துவிட்டு, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும் ஒரு பிளேயருக்கு மாறினாள். வேலைக்குப் போகும்போது ஓடவிட்டுப் போவாள், திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷத் திருவிழாவில் ஆண்டியப்பன் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, அம்மனைக் காணோம்?"

"கோயிலுக்குள்ள இருக்காங்களே பெரியப்பா. பொட்டிக்குள்ளயும் எதுக்கு?"

கரகம் மேட்டு லயத்தைத் தாண்டியது. கரகம் படியில் ஏறியது. பாட்டு நிற்கவில்லை. சன்னதிக்குள் போய்க் கரகத்தை இறக்கியும் வைத்துவிட்டார்கள், பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பூசாரி மணியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். ஆண்டியப்பன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "போதும் புள்ள, நிப்பாட்டு. பூசை தொடங்கணும்."

"பாட்டு முடியட்டும் பெரியப்பா" என்றாள் வினோதா.

முடியும்வரை ஆண்டியப்பன் அவள் பக்கத்திலேயே நின்றார்.