வாளியில் கைவைக்காதவர்

எழுபதுகளின் கடைசியில் சனிக்கிழமை சாயங்காலமானால் செம்பவாங் படகுத்துறைக்குக் காற்று வாங்கப் போவேன். அங்கே கொடுவா மீனுக்குத் தூண்டில் போட ஒருவர் வருவார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை. கயிறு கட்டிய வாளியால் கடல்நீரை மொண்டு என் முன்னால் வைப்பார்.

“கை வச்சுப் பாருங்க சார். வெதுவெதுன்னு இருக்கா?”

இருக்கிறது என்றால்தான் தூண்டிலை வீசுவார். வருஷக் கடைசி மழையில் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் கொடுவா அடியில் முடங்கிவிடும், இரையைத் தொடாது என்பார். சில்லென்று இருக்கிறது என்று நான் சொன்னால், மறுபேச்சில்லாமல் கிளம்பிவிடுவார். எனக்கோ மீனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

ஒரு டிசம்பரில், தூறலில் நனைந்த எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

“நீங்களே தொட்டுப் பார்த்தா என்னண்ணே? உங்களுக்குக் கை இல்லையா?”

அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்தார். ஒரு தழும்புகூட இல்லாத கைகள்.

“கப்பல்ல பாய்லர் கழுவ ஆள் இறங்குறதுக்கு முன்னாடி, சூடு ஆறிடுச்சான்னு தொட்டுப் பாத்துச் சொல்றது என் வேலை சார். ஒரு நாள், ஆறிடுச்சு, இறங்குன்னு சொன்னேன். கூட்டாளி நம்பி இறங்கிட்டான். உள்ள ஆறல.”

வாளியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

“சொல்லுங்க சார், எப்படி இருக்கு?”

மணிக்கட்டுவரை கையை விட்டேன். சூடா, குளிரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.