மேயரின் பிரகாசம்

"நீ எங்கடி கிளம்பிட்ட?" என்று கேட்டபடி திரையில் ஒரு நட்சத்திரத்தைத் தட்டுகிறாள் பென்கா. பத்து வருடத்தில் அது இம்மிகூட நகர்ந்திருக்காது. அவளுக்கோ அது ஓட்டம். இருப்பிடத்துக்கு இரண்டு எண்கள், நகர்வுக்கு இரண்டு, பிரகாசத்துக்கு ஒன்று. ஐந்தையும் மூன்று முறை உரக்கப் படித்த பிறகுதான் கணினிக் கோப்பை மூடுவாள்.

ரோடோப்பி மலையடிவார ஊரின் கோளரங்கத்தில், மென்பொருளுக்கு நட்சத்திர விவரம் எழுதித் தருவது அவள் வேலை. விசைப்பலகையில் எண்ணெய் படக்கூடாதென்று, எல்லோரும் கையால் தின்னும் பாலாடைக்கட்டி அடையான பானிட்சாவை முள்கரண்டியால் சாப்பிடுவாள். அதற்காகவே ஊர் அவளைச் சீமாட்டி என்கிறது. உப்பு எங்கே என்று கணவன் கேட்டால், "உங்க வலது கைக்கு ஒரு சாண் மேல, நாலு விரக்கடை இடது பக்கம்" என்பாள்.

இந்த வசந்தத்தில் மேயர் க்ருமோவின் பெயரை ஒரு நட்சத்திரத்துக்கு வைப்பதென்று நகரசபை முடிவு செய்தது. துணைமேயர் சாவோவ் பார்வையிட வந்தார்.

"பிரகாசம் எவ்வளவு போட்டிருக்கீங்கக்கா?"

"பதினொண்ணு."

"பக்கத்துல இருக்கறதுக்கு?"

"ரெண்டு."

சாவோவின் முகம் மலர்ந்தது. "பரவால்லையே. இருந்தாலும் மேயர் இல்லையா, இருபதாப் போட்டுடுங்க."

"எண் ஏற ஏற வெளிச்சம் குறையும் தம்பி. ஆறைத் தாண்டினா இந்தக் கூரையில தெரியவே தெரியாது."

"இதென்ன வழக்கம்?"

"ரெண்டாயிரம் வருஷத்து வழக்கம்."

மறுநாள் அவர் மறுபடியும் வந்தார். "அப்ப ஒண்ணு போடுங்க. கூரை ஒழுகுது, உங்க வேலை நீட்டிப்பும் நிக்குது. ரெண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டியது மேயர்தான்."

அவர் போனபின் பென்கா ஒன்று என்று தட்டிப் பார்த்தாள். அந்தப் பொடி நட்சத்திரம் திருவிழா விளக்குபோல் எரிந்து அக்கம்பக்கத்தை எல்லாம் விழுங்கியது. அழித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள். மூன்று முறை படித்தாள்.

பெயர்சூட்டு விழா பிற்பகலில் நடந்தது. பாதிரியார், பள்ளிப் பிள்ளைகள், ஊதுகுழல் கோஷ்டி என்று அரங்கம் நிரம்பியிருந்தது. விளக்குகள் அணைந்ததும் மேயர் கழுத்தை வளைத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கம்மா நம்மாளு?"

பென்கா ஒளியம்பை ஒரு கரிய வெளியில் கொண்டுபோய் நிறுத்தினாள். "இங்கதாங்க ஐயா. பதினொண்ணு. கண்ணுக்குத் தெரியாது."

கடைசி வார்த்தைகள் சாவோவின் குரலில் மூழ்கின. "அடடா, என்ன ஒளி."

பாதிரியார் சிலுவையிட்டுக் கொண்டார். ஊதுகுழல்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். மேயர் நெடுநேரம் இருட்டையே பார்த்துவிட்டு, "ரொம்ப அடக்கமா இருக்கு, என்னை மாதிரியே" என்றார். பிறகு திரும்பி, "சாவோவ், இந்தக் கூரை இனிமே ஒழுகக் கூடாது" என்றார்.

கைத்தட்டல் ஓயவில்லை. பென்கா யாரையும் பார்க்கவில்லை. அம்பின் நுனி சற்றே இடப்பக்கம் விலகியிருந்தது. கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, அதை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தினாள்.