தோணியைத் தொட்டவள்

குங்கிலியமும் மீனெண்ணெயும் சேர்ந்து கொதிக்கும்போது எழுகிற நாற்றத்தை மணம் என்று எழுதுகிறவர்கள் அதன் பக்கத்தில் குடியிருந்ததில்லை. நாங்கள் இருந்தோம். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்கு அருகே, மரத்தோணி கட்டும் கொட்டடியை ஒட்டியே எங்கள் வீடு. அப்பா அங்கே ‘ஓடாவி’, அதாவது தோணித் தச்சர்களுக்குத் தலைவர். எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் தலையை விட்டு அந்த வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார யாரும் போட்டிபோட்டதில்லை.

ஒரே ஒரு நாளுக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பலகைகளைப் பூட்டி, இடுக்குகளில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை உளியால் அறைந்து அடைத்து முடித்ததும், கடலில் இறக்குமுன் கரையில் வைத்தே தோணியின் வயிற்றுக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். உள்ளே ஊற்றியது எங்கே வெளியே கசிகிறதோ, அங்கேதான் நாளைக்குக் கடல் உள்ளே வரும். “அழுவுதா பாருங்கலே” என்று அப்பா குரல் கொடுத்ததும், பிள்ளைகள் சாக்பீஸோடு அடியில் நுழைந்து ஈரம் துளிர்க்கும் இடத்திலெல்லாம் வட்டம் போடுவோம். என் தங்கைக்கு அந்த நாற்றம் ஆகாது, வரமாட்டாள். பெண்பிள்ளைகளும் போகலாம், வயசுக்கு வந்து ‘சடங்கு’ ஆகும்வரை. அதன் பிறகு கட்டி முடியாத தோணியைத் தொட்டால் ‘தீட்டு’. ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போய் ‘நன்மை’ என்கிற நற்கருணை வாங்குகிற எங்கள் சனத்துக்கு, மாதாவும் ஒரு பெண்தான் என்பது அப்போது மட்டும் மறந்துபோகும்.

நான் ஏழாவது படித்த வருஷம், தோணியின் முதுகெலும்பான ‘ஏரா’க் கட்டையும் பலகையும் சேருமிடத்தில் நீளமாக ஒரு கசிவைக் கண்டுபிடித்தேன். பெருமை தாங்காமல் இரண்டு முறை வட்டம் போட்டேன். அப்பா படுத்தவாக்கில் நகர்ந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. தண்ணீரை வடித்து, மரத்தை நன்றாகக் காயவிட்டுத்தான் மறுபடி பஞ்சு அடைக்கவேண்டும். ஈரமரத்தில் அடைத்த பஞ்சு நிற்காது.

“காயட்டும் முதலாளி. ரெண்டு வாரம் ஆவும்” என்றார், தோணியின் சொந்தக்காரரிடம்.

தோணிக்காரர் சிரித்தார். “மாதா திருவிழாக் கொடியேத்தத்துக்கு முன்ன தோணி தண்ணியில நிக்கணும் ஓடாவியாரே. மந்திரிக்கச் சாமியாருக்கும் சொல்லியாச்சி. உம்ம கை பட்டது ஒழுவுமா?”

அந்த ஒரு வார்த்தையில் அப்பா குளிர்ந்துபோனார். அன்று சாயங்காலமே ஈரத்தோடு பஞ்சை அறைந்து, மேலே குங்கிலியத்தைப் பூசினார். என் வட்டம் அதற்கடியில் போனது.

தோணி கடலில் இறங்கி, கொடியும் ஏறி இறங்கிய பிறகுதான் எனக்குச் சடங்கானது. கடலோடும் பருவம் திறந்ததும் மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு தோணி முதல் பயணம் புறப்பட்டது. கனம் ஏறியதும் அந்தக் கசிவு தன்னைக் காட்டிவிட்டது. பின்னால் வந்த தோணி ஆட்களைக் காப்பாற்றியது. எங்கள் தோணி முங்கிவிட்டது.

தோணிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாவணியில் வாசலோரம் நின்ற என்னைக் கண்டதும் விரலை நீட்டினார். “இந்தப் பிள்ளைதான அன்னைக்கு அடியில கெடந்துச்சு?”

“அன்னைக்கு இவ சின்னப்பிள்ள” என்றாள் அம்மா. “சடங்கு பொறவுதான ஆச்சு. நீங்களும் வந்து சாப்புட்டீயளே!”

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் இருந்த இடம் அவருக்குத் தெரியும். எதற்காக அது மறைந்தது என்பதும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பொம்பளப்பிள்ளைய உள்ள விட்டது என் தப்புதான் முதலாளி.”

எவ்வளவு பணிவான வார்த்தை! தப்பையும் ஒத்துக்கொண்டார், தன் கைக்குப் பழுதும் வராமல் பார்த்துக்கொண்டார். அடுத்த தோணியும் அவருக்கே கிடைத்தது. எனக்கு, ‘தோணிய முக்குனவ’ என்ற பெயர் கிடைத்தது. கடலோடிகள் வீட்டிலிருந்து வந்த சம்பந்தங்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பிப்போயின. கடைசியில் தோணி வாடையே இல்லாத வீடாகப் பார்த்து ஆறுமுகநேரியில் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா சாகும்வரை அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நான் அவரை மன்னிக்கவும் இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தேன். கொட்டடி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. வீடில்லை, நாற்றமில்லை, எனக்கு அழுகையும் வரவில்லை. மண்டபத்தில், பழைய தோணியாள் ஒருவர், பல்லெல்லாம் போன கிழவர், என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஓடாவி மகதானளா நீ? உங்கப்பா கட்டுன தோணி ஒண்ணுகூட முங்கல தாயி, அந்த ஒண்ணத் தவிர. அதுவும் அவரு குத்தமில்ல, மூத்த பிள்ளையால வந்தது. நீ மூத்தவளா, எளையவளா?”

ஏராவுக்குப் பக்கத்தில், எந்தப் பலகையில், எவ்வளவு நீளத்துக்கு என்று எல்லாம் சொல்லிவிட வாயெடுத்தேன். சுற்றிலும் ஊர்சனம் உட்கார்ந்திருந்தது.

“எளையவ” என்றேன்.

“அப்ப இங்கன உக்காரு” என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.