அப்பா சுத்தம் செய்த ஏரி

மாமா இறந்த பிறகு அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ஏ.எஸ்.ராவ் நகரில் எங்களுக்கு மூன்றாவது மாடி. அதைவிட்டு அவள் கீழே இறங்கியதே இல்லை. பால்கனியில் காயும் துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

அவளைக் கீழே இறக்கியது காலனிக்குப் பின்னால் நாறிக் கிடந்த ஏரி. கெட்டுப்போன ஏரியை மீட்பது எப்படி என்று சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா வம்படியாக அவளை அனுப்பிவைத்தாள். கொஞ்ச நாளில் அத்தை முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில் பேசவும் ஆரம்பித்தாள். பேச்சு முழுக்க, ஏரியோரம் கோரை மாதிரி ஆளுயரம் வளர்ந்திருந்த சம்புப் புதர்தான். சாக்கடைத் தண்ணீரை வடிகட்டுவதே அதன் வேர்தானாம். அதற்குள் தாழைக்கோழி கூடு கட்டி முட்டை வைத்திருக்கிறதாம்.

"சம்ப மட்டும் யாரும் தொடக்கூடாதுண்ணா" என்றாள் அப்பாவிடம்.

அப்பா கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஹவ், ஹவ்" என்று இந்த ஊர்ப் பாணியில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மாமாவின் முதல் திதிக்கு அத்தை மதுரை போனாள். பூக்களை அடுக்கித் தண்ணீரில் விடும் பதுக்கம்மா பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏரி நாறியதால் காலனிப் பெண்கள் ஒவ்வொரு வருஷமும் பூ அடுக்குகளைப் பிளாஸ்டிக் தொட்டியில்தான் விட்டார்கள். தங்கை ஒற்றை ஆளாய்க் கஷ்டப்படுகிறாளே என்று உருகிப்போன அப்பா, காலனிச் சங்கத்தில் பேசி ஜேசிபியை வரவழைத்தார். சாயங்காலத்துக்குள் ஆகாயத்தாமரையும் போயிற்று, சம்பும் போயிற்று. தண்ணீர் பளிச்சென்று தெரிந்ததும் நான் கைதட்டினேன்.

அத்தை ஊரிலிருந்து வந்ததும் அப்பா அவளைக் கையோடு ஏரிக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் ஓடினேன். கரையில் வேரோடு குவிந்து கிடந்த சம்பை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா, மார்க் ஷீட்டை நீட்டிய பையனைப் போல அவள் முகத்தையே பார்த்தார்.

"நல்லா பண்ணிருக்கே, அண்ணா" என்றாள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பண்டிகையன்று பூக்கள் ஏரியிலேயே மிதந்தன. எல்லோரும் அத்தையைப் பாராட்டினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பவில்லை.

"லேக்குக்குப் போகலையா அத்தை?"

"இனிமே அங்க என்ன வேலை? அதான் க்ளீனாயிடுச்சே."

வேலை முடிந்துவிட்டது என்றே நானும் நம்பினேன். இனி அத்தை நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள் என்ற சந்தோஷத்தில் கேரம் போர்டை இழுத்து அவள் முன்னால் போட்டேன். அவளும் விளையாடினாள். எல்லா ஆட்டத்திலும் நான்தான் ஜெயித்தேன்.