சீனியர்களுக்கு மட்டும்

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பிழைக்கிறவர்களைப் பிடித்து உட்கார வைத்து, அவர்களுக்கே புத்தி சொல்லுகிற வேலையை நான் செய்கிறேன். கேரள எல்லையில், நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு வக்கீல் சங்கம். அங்கே புதன்கிழமை சாயங்காலம் தொடர்கல்வி வகுப்பு. நானும் வக்கீல்தான். புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்து பழைய பிரிவு எண்களெல்லாம் இடம் மாறிவிட்டனவே, எல்லாரும் சேர்ந்து படிக்கலாமே என்று வாயைத் திறந்தது நான். திறந்த வாயிலேயே பொறுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்கு வகுப்பு நடத்திப் பார்த்தவர் நீங்களும் என்றால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வகுப்புக்குக் கிடைத்தது மாடியில் உள்ள கேரம் அறை. பலகையை வராந்தாவுக்குத் தள்ளியதில் பாதிச் சங்கம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவர் நல்ல மனிதர், ஆனால் அவரும் ஓட்டு வாங்கி வந்தவர். ஓணத்துக்குள் நாற்காலிகள் நிறையாவிட்டால் கேரம் திரும்ப உள்ளே வரும், வகுப்பு வெளியே போகும் என்று சொல்லிவிட்டார்.

குழித்துறை சாக்கு

முதல் வகுப்புக்கு வந்தவர்கள் ஜூனியர்கள். அவர்களும் கேட்க வரவில்லை. சீனியருக்குப் பதிலாக ஆஜராக வந்திருந்தார்கள். நான் பேச ஆரம்பித்ததும் ஒருவர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், நானும் வாதத்தை நிறுத்திவிட்டேன்.

எங்கள் எல்லையில் இது ஒரு வசதி. நெய்யாற்றின்கரையில் ஆள் இல்லை என்றால் குழித்துறைக் கோர்ட்டில் நிற்கிறார் என்போம். குழித்துறையில் தேடினால் இங்கே நிற்கிறார் என்பார்கள். தமிழ்நாட்டுக்குள் போய்ப் பார்த்துவர யாருக்கும் நேரமில்லை. எழுந்து நின்றவருடைய சீனியரோ, அப்போது வராந்தாவில் சிவப்புக் காயைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்புச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. ஜூனியர் அசரவில்லை.

"எனக்க சீனியர் குழித்துறையில ஒரு கேசில நிக்காரு மேடம். கிளாசை அடுத்த வாரத்துக்கு மாத்தி வெக்கணும்."

வாதம் செய்த வெள்ளிக்கிழமை

கேரம் விளையாடிய அந்தச் சீனியர்தான் சுகுமாரன் சார். எங்கள் சங்கத்தில் அவர் குரலுக்கு மிஞ்சிய குரல் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை, கொல்லயில் ஊரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்காக ஜாமீன் கேட்டார். சின்ன அடிதடிக் கேஸ். கிடைத்துவிடும் என்று கோர்ட் சுவருக்குக்கூடத் தெரியும். ஆனால் மனுவில் 437 என்ற பழைய எண்ணைப் போட்டிருந்தார். அது இப்போது 480. திருத்திக் கொடுங்கள் என்று மாஜிஸ்திரேட் தன்மையாகத்தான் சொன்னார். பேனாவை எடுத்து அடித்து எழுதியிருந்தால் தீர்ந்தது. சார் அதைச் செய்யவில்லை. எண் மாறினால் உரிமை மாறுமா என்று வாதம் தொடங்கினார். அருமையான வாதம், நானே ரசித்தேன். அது முடிவதற்குள் கோர்ட் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் கோர்ட் விடுமுறையான இரண்டாம் சனி, பிறகு ஞாயிறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரின் குழந்தைக்குச் சபையில் ஞானஸ்நானம். குறித்ததைத் தள்ளிப்போட முடியாமல், குழந்தையின் அப்பா ஜெயிலில் இருக்கும்போதே நடந்தது. திங்கட்கிழமை காலையில், எண்ணைத் திருத்தியதும் ஜாமீன் கிடைத்தது. கோர்ட் வராந்தாவில் குழந்தையோடு நின்ற ஓட்டுநரின் மனைவி ஸ்டெல்லா என்னைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"ஒரு நம்பரு மாறினது வக்கீலுக்குத் தெரியாததுக்கு எனக்க மாப்பிளை எதுக்குக்கா உள்ள கெடக்கணும்?"

ஜூனியருக்கு வந்த சந்தேகம்

அந்தப் புதன்கிழமையும் முக்கால்வாசி நாற்காலி காலி. பழம்பொரியும் சாயாவும் வரும்போது மட்டும் அறை நிறையும், தட்டு காலியானால் அறையும் காலி. ஓணத்துக்கு இன்னும் ஒரு வகுப்புதான் பாக்கி. கதவருகே சுகுமாரன் சார் கையில் ஸ்டிரைக்கரோடு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஒரு கால் வகுப்பில், ஒரு கால் வராந்தாவில். முன்ஜாமீனுக்கு இப்போது எந்தப் பிரிவு என்று மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

482 என்றேன். உட்காருங்கள் சார், மற்றதையும் பார்க்கலாம் என்றேன். நாற்காலியைக் காட்டியதும் அவர் குரல் பழைய உயரத்துக்குப் போய்விட்டது. குழித்துறை சாக்கு சொன்னவர் பாங்க் வேலை கிடைத்துப் போன பிறகு அவரிடம் ஜூனியர் என்று யாருமே கிடையாது என்பது சங்கத்துக்கே தெரியும்.

"எனக்குத் தெரியும் மக்கா. எனக்க ஜூனியருக்காக்கும் சம்சயம்."

நாற்காலி போதவில்லை

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்குப் புத்தி வந்தது. மறுநாள் நோட்டீஸ் பலகையில் புதிதாக ஒட்டினேன்: 'ஜூனியர்களுக்குப் புதுச் சட்டம் சொல்லிக்கொடுப்பது எப்படி? சீனியர்களுக்கு மட்டும்.' பாடம் அதே பாடம். ஒரு வரிகூட மாற்றவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கேரம் பலகை அநாதையாகக் கிடந்தது. குளத்தூரிலிருந்து வந்தார்கள், காட்டாக்கடையிலிருந்து வந்தார்கள். போன வருடம் கோட்டு மாட்டியவர்கள்கூட சீனியராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, ஜூனியருக்காக என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். எட்டிப் பார்த்த தலைவர் உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார். வகுப்பு பிழைத்துக்கொண்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம சங்கத்தில இத்தற சீனியர் உண்டா மக்கா?"

தொடங்கி வைத்தவர்

ஓணம் முடிந்து கோர்ட் திறந்தது. ஓட்டுநர் ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீனில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆராதனை நேரம், வேறு கிழமைக்கு மாற்றித் தர வேண்டும் என்று சுகுமாரன் சார் மனுப் போட்டார். புதுச் சட்டம், புது எண், ஒரு பிழை இல்லை. எண்ணை மட்டும் கோர்ட் முழுக்கக் கேட்கும்படி திரும்பத் திரும்பச் சொன்னார். மனு அனுமதிக்கப்பட்டது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்ததும், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இந்த வகுப்பெல்லாம் தான் சொல்லித் தொடங்கியது, ஆட்களுக்கு ஒன்றும் தெரியாமல் கிடந்தது என்று ஸ்டெல்லாவிடம் விளக்கினார். ஸ்டெல்லா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"தொடங்கினது கொள்ளாம், நல்ல காரியம் சாரே. கொஞ்சம் முன்ன தொடங்கியிருந்தா, எனக்க பிள்ளைக்க ஞானஸ்நானத்துக்கு அதுக்க அப்பனும் கூட நின்னிருப்பாரு."

இப்போது புதன்கிழமைகளில் எனக்கு நாற்காலி போதவில்லை, ஏனென்றால் வக்கீலுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க உள்ள ஒரே வழி, அது அவருக்கு முன்பே தெரியும் என்று முதலில் ஒப்புக்கொண்டுவிடுவதுதான்.