சத்தம் குறித்த புகார்

வளைகுடாவில், முவைலா என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் முன்னால் ஆறு பேரீச்சை மரங்கள் வரிசையாக நின்றன. ஏப்ரலில் ஒரு காலை, கட்டடத்தைச் சுத்தம் செய்பவர் மூன்றாவது மரத்தில் காதை ஒட்டிவைத்து நின்றுகொண்டிருந்தார். பேராவூரணிக்காரர், நாற்பது வயதிருக்கும். ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்.

“காத வைங்க சார்.”

வைத்தேன். முதலில் சாலை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு மரத்துக்குள்ளிருந்து, ஊறவைத்த அரிசியை யாரோ மெல்வது போன்ற சத்தம். நின்றது; மறுபடி தொடங்கியது.

“கூன்வண்டுப் புழு. தென்னையிலயும் இதே சத்தந்தான். வெளிய ஓட்ட தெரியறப்ப உள்ள ஒண்ணும் மிஞ்சாது.”

எப்படி வந்தது என்று கேட்டேன். மேலே, மட்டைகள் வெட்டப்பட்ட இடங்களைக் காட்டினார். மார்ச் கடைசியில் கட்டட உரிமையாளர் வருகிறார் என்று, பச்சை மட்டைகளையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். வெயில் ஏறும்போது பச்சையை வெட்டக்கூடாது என்று இவர் சொன்னார். வெட்டியாயிற்று. வெட்டுவாயில் பூசத் தார் கேட்டார். “ரோடு போட வந்தாயா?” என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தாராம் சூப்பர்வைசர்.

“பச்ச மட்டய வெட்டுனா ஒரு வாசம் போவும் சார். நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். ஒண்ணு வந்துச்சுன்னா மத்தத அது கூப்புட்டுக்கும்.”

பிறகு தேடிப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. காயம்பட்ட மரத்தின் வாசனைக்கு வண்டு வருகிறது. முதலில் வரும் ஆண் வண்டு, தன் வாசனையால் மற்றவற்றை அழைக்கிறது.

“வெட்டுனது நான்தான் சார்,” என்றார். சற்று நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னார்.

மருந்து செலுத்தினால் மரம் பிழைக்கலாம். அதற்கு ஆள் அனுப்ப வேண்டியது கட்டடத்தின் மெயின்டனன்ஸ் அலுவலகம். சத்தத்தை போனில் பதிவுசெய்து இணைத்து மெயில் அனுப்பினேன். பத்திரிகையில் பல வருடம் தலைப்பு எழுதிய பழக்கத்தில், “வாசல் மரத்துக்குள் சத்தம்” என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகத் தலைப்பு வைத்தேன். உடனே புகார் எண் வந்தது. மூன்றாம் நாள், சத்தம் குறித்த உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. கீழே போய்ப் பார்த்தேன். பார்க்கிங் கேட்டின் கீல்களுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள்.

மறுபடி எழுதினேன், இம்முறை நீளமாக. புதிய எண் வந்தது. நேரில் போனேன். மரங்கள் வேறு கான்ட்ராக்ட் என்றார்கள். எந்த கான்ட்ராக்ட் என்று அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை.

மே மாதம் மரத்தின் இடுப்பிலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் கசிந்தது. புளித்த கள் வாடை அடித்தது. நாமே மருந்து வாங்கி ஊற்றினால் என்ன என்று கேட்டேன்.

“எனக்கு பக்கெட்டும் தொடப்பமும்தான் டியூட்டி சார். மருந்தத் தொட்டா அடுத்த நாளு ஊருக்கு டிக்கெட் போட்ருவானுவ.”

ஜூன் முதல் வாரம் கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன்பின் ஒரே நாளில் கிரேன் வந்தது. கயிற்றைப் பிடிக்க இவரை நிறுத்தினார்கள். அறுத்த இடத்தில் ஓர் ஆள் கையை முழங்கை வரை விடலாம் போலக் குழி. ஈர நார்களுக்கிடையே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள். சூப்பர்வைசர் போட்டோ எடுத்துக்கொண்டு இவரிடம் திரும்பினார்.

“பெஹ்லே க்யூன் நஹீ போலா?”

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பிறகு, “அச்சா பாய்,” என்றார்.

லாரி போனபின் சிந்திய தூளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து மரங்களும் மார்ச்சில் வெட்டப்பட்டவைதான்.

“அதுங்கள்ல?” என்று கேட்டேன்.

“காத வெக்கல சார்.” தூளை பக்கெட்டில் அள்ளிப் போட்டார். “வெச்சா கேட்டுரும்.”